கூழாங்கல்லா, மூடாக்கா? வேலை குறைந்த வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

வீடு கட்டி, மதில் எழுப்பி, கேட் மாட்டியதும் சுற்றிலும் மூன்று நான்கு அடி மண் மிஞ்சும். ஒரு மழை பெய்தால் அருகும் கோரையும் தலைகாட்டும். அடுத்த மழைக்குள் பூச்சி பொட்டு வந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சிமெண்ட் தளமாகவோ பேவர் பிளாக்காகவோ மாற்றிவிடுவார்கள். களை தொல்லை தீரும், உண்மைதான். ஆனால் 100 சதுர அடி மண்ணில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய 236 லிட்டர் தண்ணீர். மண்ணை மூடிவிட்டால் அவ்வளவும் தெருவுக்குப் போகும். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டை மாடித் தண்ணீருக்குக் குழாய் போட்டுவிட்டு, தரையில் விழும் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம்.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. மண்ணைக் கல்லால் அல்லது காய்ந்த இலைதழையால் போர்த்துவது. தண்ணீர் இறங்கும், களை குறையும், வெயிலில் ஈரம் காயாது. கல் என்றால் ஜல்லி, கூழாங்கல். இலைதழை என்றால் நம் விவசாயிகள் மூடாக்கு என்று சொல்வதுதான்.

இரண்டில் எது நல்லது என்று பலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், மனிதர் கால் படும் இடத்துக்கும் சுவர் ஓரத்துக்கும் கல், செடி வேர் ஓடும் இடத்துக்கு மூடாக்கு. கடையில் பளபளவென்று இருக்கும் வெள்ளைக் கல்லைப் பார்த்து முழுத் தோட்டத்தையும் அதால் நிரப்புகிறவர்கள்தான் இரண்டு வருடத்தில் அலுத்துப்போய் மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். "பராமரிப்பே வேண்டாம்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வாரம் பத்துப் பதினைந்து நிமிட வேலை எப்படியும் இருக்கும். அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் திட்டமிடலின் வேலை.

முதல் படி: மண்ணைத் தொடும் முன் பார்த்து வைக்க வேண்டியவை

ஒரு தாளில் மனையை வரைந்துகொள்ளுங்கள். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, அடிக்கணக்கு போதும். அதில் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்.

முதலில் வெயில். காலை எட்டு மணி, மதியம், மாலை நான்கு மணி என்று மூன்று நேரம் போய்ப் பார்த்து, எங்கே நிழல் விழுகிறது என்று குறிக்கவும். மேற்குப் பார்த்த சுவர் ஓரம் கோடையில் அடுப்புதான். அங்கே கல் போட்டால் சூடு இரட்டிப்பாகும், பக்கத்தில் இருக்கும் செடியின் அடி இலைகள் கருகும். சன்னல் வழியாக அந்த அனல் வீட்டுக்குள்ளும் வரும்.

அடுத்தது தண்ணீர் ஓடும் திசை. ஒரு நல்ல மழையின்போது குடையோடு வெளியே நின்று பாருங்கள். மாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது, எங்கே தேங்குகிறது, கேட் பக்கம் போகிறதா வீட்டுப் பக்கம் வருகிறதா? மழை இல்லாத காலம் என்றால் ஹோஸ் குழாயைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம். தரை எப்போதும் சுவரிலிருந்து வெளியே சரிய வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு போதும்.

மூன்றாவது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது. பக்கத்து வீட்டு வேம்பு, தெருவோரப் புங்கன், வாதுமை இவற்றின் கிளை உங்கள் பக்கம் நீண்டிருந்தால் அதன் கீழே கல் போடவே போடாதீர்கள். வேப்பிலையும் புங்கம்பூவும் ஜல்லிக்குள் இறங்கிவிட்டால் துடைப்பத்தால் எடுக்க முடியாது. அது அங்கேயே மக்கி மண்ணாகும். அந்த மண்ணில் களை முளைக்கும். அதே இலை மூடாக்கின் மேல் விழுந்தால் அது இலவசச் சரக்கு.

நான்காவது, வீட்டில் இருப்பவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள். துணி காயப்போட, மோட்டார் போட, பூப்பறிக்க, பின்பக்கம் போக என்று எல்லா வீட்டிலும் கால் பழகிய தடம் இருக்கும். திட்டம் அந்தத் தடத்தைப் பின்பற்ற வேண்டும். அழகுக்காக வளைந்து வளைந்து பாதை போட்டால் யாரும் அதில் நடக்க மாட்டார்கள், மூடாக்கை மிதித்துக்கொண்டு குறுக்கே போவார்கள். கோலம் போடும் இடத்தையும் மறக்காமல் விட்டுவிடுங்கள்.

மண் வகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செம்மண், மணற்பாங்கு என்றால் கவலை இல்லை. கோவை, விருதுநகர்ப் பக்கம் போலக் கரிசல் என்றால் மழையில் ஊறி ஜல்லியை விழுங்கும், வெயிலில் வெடிக்கும். அங்கே கல்லுக்கு அடியில் துணி (தண்ணீரை இறங்கவிடும் ஜியோடெக்ஸ்டைல், ஐந்தாம் படியில் சொல்கிறேன்) விரிப்பது கட்டாயம்.

இரண்டாம் படி: எங்கே எது என்று பிரிப்பது

உதாரணத்துக்கு ஒரு 3 சென்ட் மனையை எடுத்துக்கொள்வோம், சுமார் 1,300 சதுர அடி. வீடும் கார் நிறுத்தும் இடமும் போக, முன்பக்கம் 20 அடிக்கு 10 அடி, பக்கவாட்டில் 3 அடி அகலத்தில் 30 அடிச் சந்து. ஆக 290 சதுர அடி மண் கையில் இருக்கிறது.

சந்து முழுவதும் கல்தான். வெயில் குறைவு, நடப்பதற்கு மட்டும் பயன்படுகிறது, செடி வைத்தாலும் சரியாக வராது. அது 90 சதுர அடி. முன்பக்கத்தில் வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு 20 அடி நீளம் கல் பட்டை. இதை நான் எங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காய்ந்த இலையும் நார்மட்டையும் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் கரையான் கண்ணுக்குத் தெரியாமல் அந்த மறைவிலேயே மேலேறி, நிலைக்கதவு வரை போய்விடும். வெறும் கல்லாக இருந்தால் கரையான் மண் கட்டி ஏறுவது பளிச்சென்று தெரியும், உடனே கவனிக்கலாம். மாடித் தண்ணீர் தெறித்துச் சுவரில் செம்மண் அடிப்பதும் நிற்கும். பூச்செடிக்கு நடுவே நடக்க 30 சதுர அடிக்கு ஒரு பாதை. மீதி 150 சதுர அடி மூடாக்கு போட்ட செடிப் பாத்தி.

ஆக, கல் 140 சதுர அடி, மூடாக்கு 150 சதுர அடி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: களையை முதலில் முடிப்பது

எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். மேலாக வெட்டிவிட்டு, அதன் மேல் துணி விரித்து, கல் கொட்டிவிட்டால் களை செத்துவிடும் என்ற நினைப்பு. பார்த்தீனியம், குப்பைமேனி போன்ற விதைக் களைகள் சாகும்தான். கோரை சாகாது. அதன் கிழங்கு மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இருக்கும். முளையின் நுனி ஊசி மாதிரி கூர்மை, பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும். அருகம்புல் குத்தாது, ஆனால் துணியின் அடியில் ஊர்ந்து போய் ஓரத்தில் தலை நீட்டும்.

எனவே கோடையில் ஆரம்பியுங்கள். பங்குனி, சித்திரையில் மண்ணைக் கடப்பாரையாலோ மண்வெட்டியாலோ முக்கால் அடி ஆழம் கொத்தி, கிழங்கையும் அருகு வேரையும் கையால் பொறுக்க வேண்டும். அலுப்பான வேலை, இரண்டு ஆள் போட்டால் ஒரு நாளில் முடியும். பொறுக்கியதை உரக்குழியில் போடாதீர்கள், அங்கே சுகமாக வளரும். நல்ல வெயிலில் சிமெண்ட் தரையில் பரப்பிக் காயவிட்டு அப்புறம் அப்புறப்படுத்தலாம்.

பொறுக்கிய பின் மண்ணைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளை இறுக்கமாக விரித்து, நான்கு ஓரத்தையும் மண் அள்ளிப் போட்டு மூடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். நிறமில்லாத தாள் வழியாகத்தான் வெயில் உள்ளே இறங்கி, ஈர மண்ணைச் சூடாக்கும். நான்கு முதல் ஆறு வாரம் கோடை வெயில் பட்டால் மேல்மண்ணில் இருக்கும் பெரும்பாலான விதைகள் வெந்துவிடும். தாளை எடுத்த பிறகு மண்ணை மறுபடி ஆழமாகக் கிளறக் கூடாது, அடியில் தப்பிய விதைகளை நாமே மேலே கொண்டுவந்ததாகிவிடும்.

கோரை அப்போதும் கொஞ்சம் மிஞ்சும். தாளை எடுத்ததும் தண்ணீர் விட்டு, முளைப்பதைப் பார்த்து, கிழங்கோடு பிடுங்குங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தபின் மேலே எதைப் போட்டாலும் நிற்கும். களைக்கொல்லி தெளித்தால் ஒரே வாரத்தில் முடியுமே என்று கேட்பார்கள். வீட்டு வாசலில், குழந்தையும் நாயும் புரளும் மண்ணில், கிணறோ போர்வெல்லோ பத்தடியில் இருக்கும்போது நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான்காம் படி: ஓரக்கட்டு

ஓரம் கட்டாத கல் ஒரே மழைக்காலத்தில் பாத்திக்குள் போய்விடும். மூடாக்கு பாதைக்கு வந்துவிடும். அப்புறம் எதைப் பெருக்குவது, எதை விடுவது என்றே தெரியாது.

மலிவான வழி செங்கல். நீளவாட்டில் குத்தாக நிறுத்தி, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நட்டுக்கொண்டே போனால் சிமெண்ட் கூடத் தேவைப்படாது. 20 அடிக்கு 27 கல் வரும், உடைசலுக்கு இரண்டு மூன்று சேர்த்து வாங்குங்கள். கடப்பா கல்லை ஆறு அங்குலப் பட்டையாக அறுத்துக் கொடுக்கச் சொல்லி நட்டால் மெல்லிசாக, நேர்கோடாக இருக்கும். அருகம்புல் உள்ள இடத்துக்கு அதுதான் நல்லது, ஏனென்றால் இடைவெளி குறைவு. வீடு கட்டி மிஞ்சிய டைல்ஸ் துண்டைக் குத்தி வைப்பதைப் பார்க்கிறேன். ஓரம் கத்தியாக வெட்டும், குழந்தைகள் ஓடும் வீட்டில் வேண்டாம்.

கல்லோ மூடாக்கோ போட்ட பிறகு, ஓரக்கட்டு அதற்கு மேல் ஓர் அங்குலம் தலை நீட்டியிருக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் மட்டும் இடையிடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

ஐந்தாம் படி: கல் பகுதி

எந்தக் கல்? இங்கே கொஞ்சம் நிற்கிறேன், பணம் அதிகம் வீணாவது இதில்தான்.

வெள்ளை மார்பிள் சிப்ஸ் போட்ட அன்று அழகாக இருக்கும். ஒரு மழைக்குப் பின் செம்மண் தெறிக்கும், நிழல் பக்கம் பாசி பிடிக்கும், இலைக் கறை ஏறும். தவிர மார்பிள் சுண்ணாம்புக் கல் வகை. கரைந்து மண்ணின் காரத்தைக் கூட்டும். இட்லிப்பூச் செடி பக்கத்தில் போட்டால் இலை மஞ்சளடிப்பது இதனால்தான். வெயிலில் கண் கூசும் என்பது வேறு. தொட்டிக்குள் கைப்பிடி அலங்காரத்துக்குச் சரி, தரைக்கு வேண்டாம்.

உருண்டைக் கூழாங்கல் பார்க்க நன்றாக இருக்கும், நடக்க நன்றாக இருக்காது. காலடியில் உருளும், முழங்கால் வலி உள்ளவர்கள் தடுமாறுவார்கள். நடக்காத இடத்துக்கு, சுவர் ஓரப் பட்டைக்கு, மாடிக் குழாய் கொட்டும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதிலும் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆற்றுப் படுகையைச் சுரண்டி வந்த கல்லை வாங்கி வீட்டில் நீர் சேமிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கல்லை மெஷினில் உருட்டிச் செய்ததும் கிடைக்கிறது.

நடைபாதைக்கும் சந்துக்கும் எனக்குப் பிடித்தது சாதாரணக் கருங்கல் ஜல்லிதான். அரை அங்குல ஜல்லி, அதாவது 12 மில்லிமீட்டர். மூலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், மிதித்தால் அமுங்கி இறுகும். முக்கால் அங்குல ஜல்லி கால் உறுத்தும். கால் அங்குல சிப்ஸ் செருப்போடு வீட்டுக்குள் வரும், தெருப் பூனைகளுக்கும் அது கழிப்பறையாகிவிடும்.

அளவு: இரண்டு அங்குல உயரம் போதும். 140 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்றால் 23 கன அடிக்குக் கொஞ்சம் மேல். ஜல்லிக் கடையில் 100 கன அடிதான் ஒரு யூனிட், ஆக நமக்குக் கால் யூனிட். எடையில் ஏறத்தாழ ஒரு டன். குட்டியானை வண்டியில் ஒரே நடையாக ஏற்றினால் பாரம் கூடும், இரண்டு நடை என்று பேசிக்கொள்ளுங்கள். நான்கு அங்குலம் போடச் சொல்லும் ஆட்கள் உண்டு. கார் ஏறும் இடத்துக்கு அது சரி, ஆள் நடக்கும் பாதைக்குப் போட்டால் கடற்கரை மணலில் நடப்பது போல் கால் புதையும்.

போடும் முறை இப்படி. மேல்மண்ணை மூன்று அங்குலம் வழித்து எடுங்கள், அந்த மண் பாத்திக்குப் பயன்படும். தரையைச் சரிவு பார்த்துச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்குங்கள். பிறகு துணி. ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டால் தருவார்கள், நெய்யாத வகையில் 100 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை போதும். இதன் முதல் வேலை கல்லும் மண்ணும் கலக்காமல் பிரிப்பது, களையைத் தடுப்பது அதற்கு அடுத்ததுதான். பிளாஸ்டிக் தாளோ தார்ப்பாயோ விரித்தால் தண்ணீர் இறங்காது, தேங்கும், கொசு வரும். அதற்குப் பதில் சிமெண்டே போட்டிருக்கலாம். துணியின் இணைப்பில் ஆறு அங்குலம் மேலுக்கு மேல் போட்டு, ஓரத்தைச் செங்கல்லுக்கு அடியில் சொருகுங்கள்.

ஜல்லியைக் கழுவிவிட்டுப் போட வேண்டும். குவாரித் தூளோடு கொட்டினால் முதல் மழையிலேயே அது துணியின் துளைகளை அடைக்கும். சல்லடையில் போட்டு ஹோஸ் அடித்தால் போதும். அந்தத் தூள் கலந்த தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அல்லது வெறுங்காலோடு பூப்பறிக்கப் போகும் பழக்கம் இருந்தால், ஜல்லிக்கு நடுவே கடப்பாப் பலகைகள் பதியுங்கள். ஒரு பலகையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 20 அங்குலம் இருந்தால் புடவை கட்டியவர்களும் இயல்பாக எட்டு வைக்கலாம். பலகை ஜல்லி மட்டத்துக்கு அரை அங்குலம் மேலே இருக்கட்டும். மே மாத மதியத்தில் கறுப்புக் கடப்பா காலைச் சுடும், வெயில் இடம் என்றால் வெளிர் நிறக் கருங்கல் பலகை எடுங்கள்.

ஆறாம் படி: செடியும் சொட்டுநீரும், மூடாக்குக்கு முன்பே

செடியை நட்டு, குழாயைப் போட்டு, ஓட்டிப் பார்த்த பிறகுதான் மூடாக்கு. வரிசை மாறினால் போட்டதையெல்லாம் கிளறிக்கொண்டிருப்பீர்கள்.

வேலை குறைய வேண்டும் என்றால் புல்தரையும் ரோஜாவும் வேண்டாம். புல்லுக்கு வெட்டும் வேலை, ரோஜாவுக்கு மருந்து அடிக்கும் வேலை. செம்பருத்தி எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் மாவுப்பூச்சிக்கும் பிடிக்கும். ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்காமலே வளர்பவை என்றால் நந்தியாவட்டை, இட்லிப்பூ, மருதாணி, நொச்சி, ஆடாதோடை, பவளமல்லி. தரையோடு பரவ கற்பூரவள்ளி, ரியோ. வெயில் கொளுத்தும் ஓரத்துக்குச் சோற்றுக்கற்றாழை, மருள், எலுமிச்சைப் புல், வேலியில் ஏற்றப் பிரண்டை. தண்ணீர் தேங்கும் மூலைக்கு வெட்டிவேர். அரளி தண்ணீரே கேட்காது, ஆனால் எல்லாப் பாகமும் விஷம். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசித்து வையுங்கள்.

நெருக்கி நட வேண்டாம் என்று சொல்வார்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். பெரிய புதர்களுக்கு நான்கைந்து அடி விடுங்கள், இடையில் தரைபரப்பிச் செடிகளை ஓர் அடிக்கு ஒன்றாக நெருக்கியே வையுங்கள். இரண்டு வருடத்தில் இலை தரையை மூடினால் மூடாக்கே பாதிதான் தேவைப்படும்.

சொட்டுநீருக்கு 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாயை, அதாவது செடி வரிசையோடு ஓடும் மெல்லிய குழாயை, மண்ணின் மேல் ஓடவிட்டு, மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் முனை) புதருக்கு இரண்டு என்று குத்துங்கள். ஒரு மணி நேரம் ஓடினால் செடிக்கு 8 லிட்டர். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் டிரிப்பர் அடைக்கும், அதனால் கழற்றிக் கழுவும் வகையாக வாங்குங்கள். தொடக்கத்தில் ஒரு ஃபில்டரும், கடைசி முனையில் திறந்துவிட ஒரு மூடியும் வேண்டும். டிரிப்பர் இருக்கும் இடத்தில் ஒரு சிறு குச்சி நட்டு வையுங்கள், மூடாக்கு போட்டபின் தேட வேண்டியிருக்காது.

ஏழாம் படி: மூடாக்கு

ஊருக்கு ஊர் சரக்கு வேறுபடும். கிடைப்பதைக் கொண்டு செய்வதுதான் இதன் சிறப்பு, பணம் கொடுத்து வெளியூர் மரப்பட்டை வாங்க வேண்டியதில்லை.

முதல் மதிப்பெண் காய்ந்த சருகுக்கு. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் கொட்டும். தெருவில் எரிப்பதற்காகக் குவித்திருப்பதைக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், பெருக்க வரும் அம்மாவிடம் சாக்கு கொடுத்துச் சொல்லிவைத்தால் கட்டியே தருவார்கள். வேப்பிலை சீக்கிரம் மக்கும், மாவிலை மெதுவாக. இரண்டையும் கலந்து போடலாம். சவுக்கு ஊசியிலை கிடைத்தால் விடாதீர்கள், நீண்ட நாள் நிற்கும்.

தென்னை இருக்கும் ஊரில் மட்டையும் ஓலையும்தான். உரிமட்டை வருடக்கணக்கில் உழைக்கும். குழிவான பக்கம் மண்ணைப் பார்க்கவும், புடைப்பான முதுகு மேலே இருக்கவும் கவிழ்த்து அடுக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு மட்டையிலும் மழைத் தண்ணீர் தேங்கி, டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டி கட்டியதாகிவிடும். மட்டைக் குவியலுக்கு அடியில் தேளும் பூரானும் தங்கும் என்பதால் வாசல் பக்கம் இதைத் தவிர்த்து, மதில் ஓரம் வையுங்கள். கையுறை இல்லாமல் மட்டையைப் புரட்ட வேண்டாம். ஓலையை ஓர் அடித் துண்டாக நறுக்கிப் பரப்பி, மேலே சருகு தூவினால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

தேங்காய் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளான நார்க்கழிவு மலிவு. கழுவாத, மக்காத நார்க்கழிவில் உப்பு அதிகம், அப்படியே கொட்டினால் இலை நுனி கருகும். மக்கவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். காய்ந்தால் காற்றில் பறக்கும், எனவே மேலே சருகு போட வேண்டும். கரும்புச் சோகை, கடலைத் தொலி இரண்டும் நல்லவை. தொலியில் தப்பிய பருப்புக்கு எலி வரும். வைக்கோலில் மிஞ்சிய நெல் முளைக்கும், கேட் திறந்திருந்தால் மாடு வந்து மேயும். உமி மழையில் மிதந்து போய்ச் சாக்கடையை அடைக்கும், அது வேண்டாம். பச்சை மரத்தூளை மண்ணோடு கலந்துவிட்டால் அது மக்குவதற்காகத் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். பழைய தூளை மேலாகப் போட்டால் பிரச்சினை இல்லை.

மூடாக்குக்கு அடியில் துணி விரிக்காதீர்கள். மண்புழு மேலே வந்து சருகை இழுத்துப் போவதுதான் இங்கே நடக்க வேண்டிய வேலை, துணி அதைத் தடுக்கும். களை பயம் இருந்தால் ஆறேழு தாள் செய்தித்தாளை நனைத்து விரித்து, அதன் மேல் மூடாக்கு போடுங்கள். அட்டைப்பெட்டியும் போடலாம், ஆனால் கரையான் உள்ள மண்ணில் அது விருந்து. வேப்பம் புண்ணாக்கைச் செடிக்கு ஒரு கைப்பிடி தூவிவிட்டு மூடினால் கரையானும் கொஞ்சம் விலகும், செடிக்கும் உரம்.

மூன்று அங்குல உயரம் வேண்டும். 150 சதுர அடிக்கு அது 37 கன அடி, ஏறக்குறைய 30 சிமெண்ட் சாக்கு. சருகு என்றால் ஒரு மாதத்தில் அமுங்கிப் பாதிக்கும் கீழே போய்விடும், 60 சாக்கு வரை சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டைச் சுற்றி மூன்று அங்குலம் வெறும் மண்ணாக விட வேண்டும். தண்டோடு குவித்தால் அடிப்பட்டை அழுகும்.

எப்போது போடுவது என்பதில்தான் நம் ஊர்க் கணக்கு வருகிறது. காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால், லேசான மழையை அது தானே குடித்துவிடும், மண்ணுக்கு எதுவும் போகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போட்டால் மிதந்து போகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண் நிறைய ஈரம் வைத்திருக்கும் மார்கழி, தையில் போடுங்கள். அந்த ஈரம் கோடை வரை நிற்கும். இரண்டு மாதத்தில் இலையுதிர்வு வரும், அமுங்கியதற்கு மேல் நிரப்பச் சரக்கும் தயார். கோடையில் மண்ணைச் சுத்தம் செய்து, ஆடியில் நட்டவர்கள், நட்ட கையோடு நன்றாகத் தண்ணீர் விட்டு ஓர் அங்குலம் மட்டும் போட்டு, மீதியைத் தையில் போடலாம்.

அப்புறம் என்ன வேலை இருக்கும்

முதல் வருடம் களை வரத்தான் செய்யும். வாரம் ஒரு தடவை சுற்றிவந்து, இரண்டு இலை விடும்போதே பிடுங்கினால் பூ விட்டு விதை சிந்தாது. மழைக்குப் பின் பிடுங்குவது எளிது. இரண்டாம் வருடத்தில் பெரும்பாலும் காற்றில் வரும் விதைகள்தான் மிஞ்சும்.

மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும் ஊர் என்றால், அந்த இரண்டு மாதமும் மூடாக்கைச் செடியிலிருந்து விலக்கி மெல்லிசாக்குங்கள். மாலையில் டார்ச் அடித்து, கையுறையோடு பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதுதான் பலன் தருகிறது. அந்த உப்புத் தண்ணீரைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம்.

சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியை மாதம் ஒருமுறை திறந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். மூடாக்கை வருடம் ஒருமுறை தையில், சருகு மட்டும் போடுகிறவர்கள் ஆடியிலும் ஒருமுறை நிரப்புங்கள். பழையதைக் கிளறி எடுக்க வேண்டாம், அதன் மேலேயே போடலாம்.

கல் பகுதிக்குத் தென்னந்துடைப்பம் சரிவராது, ஜல்லியையும் சேர்த்து இழுக்கும். மூங்கில் சீவு வைத்த நீளத் துடைப்பத்தால் மேலாகத் தள்ளினால் இலை மட்டும் போகும். பாசி பிடித்த இடத்தில் கல்லைக் கிளறி வெயில் காட்டினால் போதும். நான்கைந்து வருடத்தில் ஜல்லிக்கு நடுவே தூசியும் மக்கிய இலையும் சேர்ந்து, துணிக்கு மேலேயே களை முளைக்க ஆரம்பிக்கும். துணி கிழிந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிவிடாதீர்கள். ஒரு கோடையில் ஜல்லியைப் பகுதி பகுதியாக அள்ளி, சல்லடையில் போட்டுக் கழுவி, துணியைக் கூட்டிவிட்டுத் திரும்பப் பரப்பினால் அதே கல்லே இன்னும் பல வருடம் ஓடும். சல்லடையில் சலித்த அந்தக் கறுப்பு மண் நல்ல உரம், பாத்தியில் மூடாக்குக்கு அடியில் தூவிவிடுங்கள்.